திருகிக் கழற்றிய கண்ணாடி

அன்பு பாப்பாவுக்கு,

இது அப்பாவின் எழுத்து. பக்கத்து வீட்டுக் குழந்தை ஏதோ கிறுக்கி அனுப்பியிருக்கிறது என்று மடித்து வைத்துவிடாதே. எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில களைத்துப்போய்ப் படுத்துக்கொள்கின்றன. சாரத்தின் மேல் நின்று ஒரு சுவர் நீளத்துக்கு நூல் பிடித்த மாதிரி கோடு இழுத்த கைதான் இது. தாளைக் கண்டால் நடுங்குகிறது. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் டீச்சரம்மாவிடம் சொன்னேன். "பிரஷ்ஷை முழுக் கையால புடிச்சவருக்குப் பேனா எலிக்குட்டி மாதிரிதான் இருக்கும். நசுக்காமப் புடிங்கய்யா" என்றார். நசுக்காமல்தான் பிடித்திருக்கிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது போகிறது. பொறுத்துக்கொண்டு படி. நமக்கு மேல் மாடியில் இருக்கும் தையல்காரர் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் எழுதினால் நடுவே தன் மூட்டுவலியையும் சேர்த்து எழுதிவிடுவார்.

நான் நன்றாக இருக்கிறேன். பசி, தூக்கம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கடைத்தெருவில் மட்டும் முன்போல் சும்மா நடக்க முடியவில்லை. எல்லாப் பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு நீளச் சுவர் இருக்கிறதே, அதற்கு வண்ணம் அடித்தது நான்தான். "எழுத்தை விட்டுட்டுச் சுத்தி அடி" என்றார்கள், அடித்தேன். போன வாரம்தான் அது என்ன எழுத்து என்று படித்தேன். 'இங்கே சாய்ந்து நிற்காதீர்'. எத்தனை வருடம் அதன் மேலேயே சாய்ந்து நின்று டீ குடித்திருக்கிறேன்! தனியாக நின்று சிரித்தேன். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசியபோது ஒரு கேமரா வாங்கப்போவதாகச் சொன்னாய். துறைமுகத்தில் நீ ஓட்டும் கிரேன் மேலே உட்கார்ந்து பார்க்கும் கடலைப் படம் எடுக்க ஆசை என்றாய். கேமராவோடு இன்னும் என்னென்னவோ சாமான் வாங்கச் சொல்கிறார்கள், எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியவில்லை என்றாய். பாப்பா, இந்தக் கடிதம் வந்து சேரும் வரை ஒன்றும் வாங்காதே. அந்த விஷயத்தில் உன் அப்பா நன்றாகப் பட்டுத் தெளிந்தவன்.

அதே போனில் நீ இன்னொன்றும் கேட்டாய். அம்மா போட்டோ ஒன்று அனுப்பச் சொன்னாய். உன் பழைய போன் கடலில் விழுந்ததோடு உன்னிடம் இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அழுதாய். அதற்கு முன்னால் ஒருநாள், "அம்மா கடைசியில யாரையாவது கூப்பிட்டாங்களாப்பா?" என்று கேட்டாய். இரண்டுக்கும் நான் பதில் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினேன். சொல்லத் தெரியாமல்தான் பேசினேன். போனில் பேசும்போது வார்த்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகத்தான் வர முடியும், அதனால் இப்போது சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. கேமரா சாமான் ஒரு சங்கதி, அம்மா வேறு சங்கதி என்று நீ நினைப்பாய். எனக்கு இரண்டும் ஒன்றாகிப் போனது.

உன் அம்மா படம் எடுப்பவள், படத்தில் நிற்பவள் அல்ல. தகர டப்பா கம்பெனி வேலையிலிருந்து நின்ற பிறகு பிடித்த பைத்தியம் அது. அவள் எடுத்தது எத்தனையோ இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் உட்காரும் புறா, தையல்காரரின் கத்தரிக்கோல், வாயைத் திறந்து தூங்கும் நான். யாராவது கேமராவை வாங்கி, நீங்க நில்லுங்க என்றால், "என் மூஞ்சியை நான் தினம் பாத்துக்கறேன், உங்களுக்கு எதுக்கு" என்பாள். கல்யாணத்தில் எடுத்தது பழைய வீடு ஒழுகியபோது ஒன்றோடொன்று ஒட்டிப் போனது. கம்பெனி அட்டையில் இருப்பதில் பாதி முகத்தின் மேல் முத்திரை. இதுதான் நிலைமை. நீ கேட்டபோது வீட்டில் அம்மாவின் முகம் என்று ஒரு படம் கூட இல்லை.

ஆனாலும் அவள் கேமராவுக்குள் எங்காவது இருப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் கண்ணாடியில், தையல்காரரின் நிலைக்கண்ணாடியில், ஒரு கரண்டியின் முதுகில் என்று எங்காவது அவள் முகம் விழுந்திருக்காதா? தேடலாம் என்று கேமராவை எடுத்தால் அதற்கு உயிர் இல்லை. சார்ஜ் ஏறவில்லை. அப்படித்தான் பெரிய கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கேமரா கடைக்குப் போனேன்.

டை கட்டிய தம்பி ஒருவன் ஓடி வந்தான். "வாங்க அங்கிள். கேமரா மட்டும்தான் இருக்கா? சட்டை போட்டுட்டு பேன்ட் போடாம வந்த மாதிரில்ல இருக்கு!" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்தவனிடம் விற்பது சுலபம் போலிருக்கிறது. பேட்டரி வாங்கப் போனவன், ஃபிளாஷ், வெயில் மறைக்க லென்ஸ் முன்னால் வைக்கும் ஹூட், மூன்று கால் ஸ்டாண்டு, இதையெல்லாம் போட ஒரு பை, அந்தப் பைக்கு மழைக்கு ஒரு உறை என்று தூக்கிக்கொண்டு வந்தேன். தையல்காரர் படியில் நின்று பார்த்தார். "என்னங்க, கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போறீங்களா, இல்ல சண்டைக்கா?" என்றார்.

ஹூட் லென்ஸில் ஏறவே இல்லை. அளவு வேறு. ஸ்டாண்டின் கால்கள் கொக்குக்கால் மாதிரி இருந்தன. கேமராவை வைத்ததும் மெல்லத் தலை குனிந்தது.

பேட்டரி மட்டும் வேலை செய்தது. அம்மா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எந்தக் கண்ணாடியிலும் அவள் இல்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக ஒதுங்கி நின்று எடுத்திருக்கிறாள். ஓரிடத்தில் ஆள் நிழல் மாதிரி தெரிந்தது. உற்றுப் பார்த்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கை வலித்தது.

தேடி அலுத்துப்போய் நானே படம் எடுக்கத் தொடங்கினேன். வீட்டில் எதை எடுப்பது? அம்மா உட்காரும் ஜன்னலை எடுத்தேன். அவளுடைய பின்னல் நாற்காலி, அதன் பின்னால் ஜன்னல், அதையொட்டிச் சுவர். படத்தைப் பார்த்தால், நாற்காலிக்கு மேலே சுவரை மறைத்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? ஓதம். சுவருக்குள் ஈரம் ஏறினால் அப்படித்தான் பூக்கும். தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஈரம் கேமராவுக்குத் தெரிகிறதாக்கும் என்று நினைத்துச் சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து இரண்டு கை வண்ணம் அடித்தேன். தையல்காரர் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்த சுவரை ஏங்க சுரண்டினீங்க? கை அரிச்சுதா?" என்றார்.

வண்ணம் காய்ந்த பிறகு படம் எடுத்தேன். அது அதே இடத்தில் இருந்தது.

நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். சமையல்கட்டுக் கதவை எடுத்தேன். அங்கே பின்பக்க ஜன்னல் வெளிச்சம் வரும் அல்லவா, அங்கேயும் வந்தது. மொட்டைமாடிக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்திலும் நின்றது. ஒரு ஆள் உயரம், ஒரு ஆள் அகலம். முகம் இல்லை, கை கால் இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி எடுத்தால் வரவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே நின்றால்தான் வந்தது. "வெளிச்சத்தைப் பாத்து நில்லுங்க, வெளிச்சத்தைப் பாத்து நில்லுங்க" என்று அவள் என்னைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவாளே, அது காதுக்குள் கேட்டது. அன்றைக்குப் பகல் முழுக்க நான் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், உள்ளே போய் அது இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

பிறகு பயம் போய்விட்டது. காலையில் ஒரு படம், வெயில் சாய்ந்த பிறகு ஒரு படம் என்று ஆனது. எடுத்துப் பார்த்துவிட்டு, "இருக்கியா, சரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். நீ இதைப் படித்துவிட்டுக் கவலைப்படுவாய் என்று தெரியும். கவலைப்படாதே, மேலே படி.

அவள் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஆசை வந்தது. தெளிவாக விழுந்தால் அதையே உனக்கு அனுப்பிவிடலாமே. அதற்குத்தான் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். சுவர் பளிச்சென்று விழுந்தது, அவள் அடியோடு காணோம். ஃபிளாஷை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினேன். ஹூட்டை மாற்றி வாங்கி வந்து மாட்டினேன். அவள் பாதியாக மங்கிவிட்டாள். கழற்றி எறிந்தேன். அந்தத் தம்பி எனக்கு விற்ற சாமான் எல்லாம் அவளை விரட்டும் சாமானாகவே இருந்தது. மறுபடி அவனிடம் போய், ஒரு ஆள் சரியாகத் தெரியவில்லை என்றேன். "லென்ஸ்தான் அங்கிள் பிரச்சனை, பெருசா வாங்குங்க, ஆளு எந்திரிச்சு உங்க முன்னால நிப்பாங்க" என்று தண்ணீர்ச் செம்பு அளவுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினான். விளையாட்டாகத்தான் சொன்னான். என் கை பணம் எடுக்கப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. வாங்கியே இருப்பேன். நாளைக்கு வருகிறேன் என்று எப்படியோ வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பெரிய லென்ஸைப் பற்றித் தையல்காரரிடம் சொன்னேன். "மொதல்ல அந்தத் திருகாணி அக்காகிட்டக் காட்டுங்க. உங்க வீட்டம்மா அவங்ககிட்டத்தான் போவாங்க" என்றார்.

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு ஆள் உட்காரும் இடம். அங்கே ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மா கேமரா ரிப்பேர் பார்க்கிறார். பழைய சாமான்களும் விற்கிறார். எப்போதும் வாயில் ஒரு சின்னத் திருகாணியைக் கவ்வியிருப்பதால் ஊர் வைத்த பெயர் அது. பேசும்போதும் எடுக்க மாட்டார், உதட்டோரமாகப் பேசுவார்.

பெரிய லென்ஸ் வேண்டும் என்றேன். "எதுக்குய்யா?" என்றார். நன்றாகப் படம் விழ என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள், உனக்காகவே மனதில் வைத்திருக்கிறேன். "சாமான் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கங்க. இது இல்லாததால என்னோட எந்தப் படம் கெட்டுச்சு? அந்தப் படத்தை எடுத்துக் காட்ட முடிஞ்சா வாங்குங்க. காட்ட முடியலையா, கையைப் பாக்கெட்லயே வச்சுக்கங்க."

பாப்பா, இதுதான் மொத்தப் பாடமும். முதலில் கேமராவை மட்டும் வாங்கிக் கொஞ்ச நாள் கெட்ட படங்களாக எடு. கூட ஒரு பேட்டரி, ஒரு நல்ல கார்டு, அவ்வளவு போதும். அதில் கஞ்சத்தனம் பண்ணாதே, மலிவுக் கார்டு எடுத்த படத்தையெல்லாம் விழுங்கிவிடுமாம். ஸ்டாண்டு வாங்கினால் புதிதாக மெல்லியதை வாங்குவதைவிடப் பழையதாகக் கனமானதை வாங்கு. கிரேன் மேலே காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். பைக்குப் பதிலாக உன் பழைய துணிப்பையில் ஒரு துண்டைச் சுற்றி வைத்தால் போதும். லென்ஸ் முன்னால் மாட்டும் எதை வாங்குவதானாலும் லென்ஸ் விளிம்பில் ஒரு வட்டத்தின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்கு. அதைப் பார்க்காததால்தான் என் ஹூட் ஏறவில்லை. நம்முடையதில் 49. நானே படித்தேன்.

அவர் கேட்டபடி கெட்ட படத்தைக் காட்டத்தானே வேண்டும்? கேமராவை நீட்டினேன். வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, இது அந்தம்மாவோட கேமராவாச்சே. அவங்க வரலையா? எங்க இருக்காங்க?" என்றார்.

ஜன்னல் பக்கத்துப் படத்தைக் கொண்டுவந்து நாற்காலிக்கு மேலே விரலை வைத்து, "இங்க இருக்கா" என்றேன்.

அந்த அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயிலிருந்த திருகாணியை எடுத்துக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

பிறகு லென்ஸை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு துணியை எடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டு, "அய்யா, இதை நீங்களே பாருங்க. நான் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க" என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

லென்ஸுக்கு முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி திருகி மாட்டியிருக்கிறது. ஃபில்டர் என்கிறார்கள், தூசி படாமல் காப்பதற்கு. அதன் மேல் எண்ணெய் மாதிரி ஒரு தடம். ஒரு பெருவிரல். "வெளிச்சம் எதிர்ல வரும்போது இந்தத் தடத்துல பட்டுச் சிதறுது. அதான் படத்துல வெள்ளையா விழுது. துடைச்சா போயிடும்" என்றார்.

துடைக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

ஏன் என்றால், வாழ்நாள் முழுக்க மையில் விரலை அமுக்கி வைத்தவன் நான். விரல் ரேகை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் ரேகை சுழி. இது வில் மாதிரி வளைந்து, நடுவே சாய்வாக ஒரு கோடு வெட்டி இரண்டாகப் பிரிந்திருந்தது. தகர டப்பா மூடி அறுத்த அந்தக் காயத்தை நீ சின்னப் பிள்ளையில் தடவித் தடவித்தான் தூங்குவாய். நினைவிருக்கிறதா?

இது அவள் விரல்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இந்த ஃபில்டர் என்கிட்ட வாங்கினதுதான். வேண்டாம்மா, வெட்டிச் செலவுன்னேன். 'படறது எதுவோ இதுமேல படட்டும்'னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க" என்றார்.

ஆனால் அவள் விரல் அங்கே எப்படிப் பட்டது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் கேமராவைத் தூக்கினாலே, "கண்ணாடியைத் தொட்டீங்க, கையை ஒடிப்பேன்" என்பாளே. அக்காவுக்கும் அதே யோசனை. இந்த வெள்ளை எந்தப் படத்திலிருந்து தொடங்குகிறது என்று பார்க்கலாம் என்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனார். நான் எடுத்தது எல்லாவற்றிலும் இருக்கிறது. அவள் எடுத்தது எதிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு படம். முழுக்கச் சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. நான் அதை முன்பே பார்த்து, கெட்டுப்போன படம் என்று தள்ளிவிட்டிருந்தேன்.

"இது கெட்டுப்போனது இல்லய்யா. விரல் மூடின படம். பின்னால ஜன்னல் வெளிச்சம் இருந்திருக்கு. சதைக்குள்ள பூந்து வந்தா இப்படித்தான் செக்கச்செவேல்னு விழும்" என்றார். தன் டார்ச்சின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அதே சிவப்பு.

அதற்கு முந்தைய படம் நான். நம் மாடி ஜன்னலிலிருந்து அவள் எடுத்தது. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். இரண்டு படத்திலும் தேதி இருந்தது. நானே படித்தேன். அம்மா போன அன்றைய தேதிதான்.

இங்கே இரண்டு நாள் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான் பாப்பா. அம்மா யாரையும் கூப்பிடவில்லை. தையல்காரர் அப்போது மிஷினை ஓட்டவில்லை, கையால் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். நாற்காலி நகர்ந்த சத்தம்தான் கேட்டு இறங்கி வந்திருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேமரா மடியில் இருந்தது, அதில் ஒரு கீறல் கூட இல்லை. இதை அவர் அப்போதே சொன்னார். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. விழப் போகிறவர்கள் எதையாவது பிடிப்பார்கள். ஜன்னல் கம்பி கைக்கெட்டும் தூரம். அவள் கேமராவைப் பிடித்திருக்கிறாள்.

வலித்ததா, பயந்தாளா, எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் நான் ரோட்டைக் கடக்க நின்று இந்தப் பக்கம் பார்க்கிறேன், அந்தப் பக்கம் பார்க்கிறேன் என்பது தலையைத் திருப்பியிருப்பதில் தெரிகிறது. மேலே மட்டும் பார்க்கவில்லை.

திருகாணி அக்கா அந்த ஃபில்டரை விளிம்பில் மட்டும் விரல் படும்படி திருகிக் கழற்றினார். ஒரு தட்டை டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தார். அதே 49 அளவில் வேறு ஒன்றை மாட்டினார். உறுதியான பழைய ஸ்டாண்டு ஒன்றையும் கொடுத்துவிட்டு, என் கொக்குக்கால் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டார். "இது செடிக்கு முட்டுக் குடுக்க ஆகும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலுக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்தி, தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாப்பா, அவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததே இல்லை. என் கழுத்துச் சுருக்கம், நாற்காலிப் பின்னலின் கிழிசல், சுவரில் நான் அடித்த பிரஷ் தடம் வரை விழுந்திருந்தது. நாற்காலி காலி. ஒரு மூச்சுப் படிந்த அளவு கூட ஒன்றும் இல்லை. பார்க்க முடியவில்லை. உடனே பழையதை எடுத்துத் திருகினேன், அவள் வந்தாள். கழற்றினேன், போனாள். அன்றும் மறுநாளும் இதையே செய்துகொண்டிருந்தேன். இது விரல் தடம் என்று தெரியும். வெளிச்சம் சிதறுகிறது என்று தெரியும். தெரிந்த பிறகும் நான் பேசுவது நிற்கவில்லை. புதுக் கண்ணாடி போட்டு எடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.

அப்படித் திருகிக்கொண்டிருந்தபோதுதான் உன் நினைவு வந்தது. எனக்கு இங்கே அவள் நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, நினைத்தபோது போட்டுக்கொள்ள இந்தக் கண்ணாடி இருக்கிறது. நீ அங்கே அந்த உயரத்தில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய்.

அதனால் அதை உனக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு வரும் சின்ன டப்பாவில் இருக்கிறது. மேலே அம்மாவின் பழைய சேலைத் துணிதான் சுற்றியிருக்கிறேன், அதை மட்டும் பிரி. கண்ணாடியை விளிம்பில் பிடி. தொடாதே. துடைக்காதே. தெரியாமல் துணி பட்டுவிட்டாலும் போய்விடும், பிறகு எங்கே போய்த் தேடினாலும் கிடைக்காது. நீ கேமரா வாங்கும்போது லென்ஸ் விளிம்பில் 49 என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு. சாமானுக்கு ஏற்ற மாதிரி கேமரா வாங்குகிற முட்டாள்தனத்தைத் திருகாணி அக்கா கேட்டால் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். திட்டட்டும். மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்து, வெளிச்சம் எதிரே வரும்படி நின்று ஒரு படம் எடு. எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொள்வேன்.

அந்தச் சிவப்புப் படத்தை அனுப்பவில்லை. அச்சுப் போடக் கொடுத்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடுவார்கள். அது கேமராவிலேயே இருக்கிறது, நீ இங்கே வரும்போது பார்க்கலாம்.

கண்ணாடியை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். தபாலில் உடைந்துவிடும். நீங்கள் அனுப்பியது மட்டும் உடையாமல் வந்ததே என்று எதிர்க்கேள்வி கேட்காதே. வேலை முடிந்து, துறைமுகத்துக்காரர்கள் உன்னை ஊருக்கு விடும்போது, நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. அதுவரை உன்னிடமே இருக்கட்டும். நான் அவசரப்படுத்தவில்லை. ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன். உன் கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டிருக்கிறேன், வண்ண வாடை போகட்டும் என்று.

மேலே ஏறும்போது கம்பியைப் பிடித்து ஏறு. கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டுக் கம்பியைப் பிடி. நீ நூறு வயது இருக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுவேன்.

உன் அப்பா